ஆயாவின் கல் நகையைத் தண்ணீரில் போடும் முன்

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தால் ஒரு கல் அட்டிகையாவது கிடக்கும். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் அதை எடுத்து, "மங்கிப் போச்சே" என்று சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவோம். நானும் போட்டேன். என் ஆயாவின், அதாவது பாட்டியின், கெம்பு எனும் சிவப்புக்கல் அட்டிகை, கால் மணி நேரம்தான். வெளியே எடுத்தால் ஆறு கல் கறுத்திருந்தது. நகை செய்யும் பத்தரிடம் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "முதுகைப் பார்க்காம முக்கிட்டீங்களா ஆச்சி?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே கழுவுவது கடைசி வேலை. முதலில் பார்க்க வேண்டும்.

1. இடம், வெளிச்சம்

காலை பத்து மணிக்கு மேல், முற்றத்து வெளிச்சம் விழும் வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) உட்காருங்கள். நேர் வெயில் வேண்டாம், டியூப்லைட்டும் வேண்டாம். விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணி விரித்து நகையை வையுங்கள். கல் தெறித்தால் தட்டோடு நிற்கும். முன்னும் பின்னும் ஒரு போட்டோ எடுத்து, கற்களை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கலகலவென்றால் கல் ஆடுகிறது. அந்த நகை பத்தரிடம் போகட்டும்.

2. முதுகைப் பாருங்கள்

இதுதான் உயிரான வேலை. திருப்பினால் கல்லின் அடிப்பாகம் தெரிகிறதா? அப்படியென்றால் திறந்த கட்டடம் (கல்லைப் பதிக்கும் விதத்தைக் கட்டடம் என்போம்), தண்ணீர் ஓரளவு படலாம். பின்பக்கம் முழுக்கத் தங்கத் தகடாக மூடியிருந்தால் கடைக்காரர்கள் சொல்லும் குளோஸ் செட்டிங். அதற்குள் கல்லுக்கு அடியில் பளபளப்பான மெல்லிய தகடு இருக்கும். பல நகைகளில் அரக்கும் இருக்கும். நாம் பார்த்து மயங்கும் சிவப்பில் பாதி அந்தத் தகடு திருப்பி அனுப்பும் ஒளிதான். விளிம்பு வழியாகத் தண்ணீர் கசிந்தால் தகடு கறுக்கும். கல்லுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கண்ணுக்குச் செத்துப்போகும். என் ஆறு கல்லும் அப்படித்தான்.

3. சிவப்பு எல்லாம் மாணிக்கம் இல்லை

"ஐயா (தாத்தா) பர்மாவிலிருந்து கொண்டுவந்தது" என்று சொல்லாத வீடு இங்கே உண்டா? நகரத்தார் அங்கே வட்டித்தொழில் செய்ததும் உண்மை, அங்குள்ள மொகோக் சுரங்க மாணிக்கம் உலகப் புகழ் பெற்றதும் உண்மை. ஆனால் 1902லேயே பிரான்சில் வெர்னாய் என்பவர் தூளை நெருப்பில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டுவிட்டார். அதனால் நகை பழசு என்பதால் கல்லும் மண்ணில் விளைந்தது என்று ஆகாது. கொள்ளுப்பாட்டி காலத்து நகையிலும் செய்த கல் இருக்கலாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே வளைந்த கோடுகளும் நீர்க்குமிழி போன்ற புள்ளிகளும் தெரிந்தால் செய்த கல். பட்டு நூல் போல மெல்லிய ஊசிகள் ஒன்றையொன்று வெட்டி ஓடினால் இயற்கைக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் பர்மா மாணிக்கம் கனல் போலச் சிவக்கும் என்பார்கள். சரிதான், ஆனால் செய்த கல்லும் சிவக்கும், அதைவிட நன்றாகவே. அந்தச் சோதனையை நம்பி யாரிடமும் பந்தயம் கட்டாதீர்கள்.

வைரத்தோட்டில் நீலச் சாயல் அடிக்கும் நல்ல கல்லைப் புளூ ஜாகர் என்கிறோமே, அது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயர் நம் வாயில் சுருங்கியது. கல்லில் குறை பார்ப்பது அதைவிடப் பழைய பழக்கம். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கடைவீதி வரும் இடத்தில், வைரத்துக்கு ஆகாத குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நான்கு சொல்லப்படுகின்றன. காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. லென்ஸை வைத்துக்கொண்டு இன்றும் அவற்றைத்தான் தேடுகிறோம்.

4. நவரத்தினப் பதக்கம் இருந்தால்

கிரகப் பலனை நான் நம்புவதில்லை. ஆனாலும் அந்த அடுக்கு தெரிந்தால் உதவும். கோயில் நவக்கிரக மேடை போலவே நடுவில் சூரியனுக்கு மாணிக்கம். கிழக்கை மேலே வைத்து வலமாகச் சுற்றினால் வைரம், முத்து, பவளம், கோமேதகம், நீலம், வைடூரியம், புஷ்பராகம், மரகதம். வரிசை மாறியிருந்தால் எப்போதோ யாரோ கல்லைக் கழற்றி மாட்டியிருக்கலாம். நீலத்தைத் தலையணைக்கடியில் வைத்துக் கனவு பார்த்த பிறகே அணிவார்கள். எங்கள் வீட்டில் அதை யாரும் தொடுவதே இல்லை.

5. இப்போது கழுவலாம்

பூந்திக்கொட்டை இரண்டைத் தட்டி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து நுரைக்க விடுங்கள். குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ் போதும். திறந்த கட்டட வைரத்தையும் மாணிக்கத்தையும் மட்டும் இதில் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் துடையுங்கள். வாஷ்பேசினில் வேண்டாம், கிண்ணத்திலேயே.

மூடிய கட்டடம் என்றால் துணி நுனியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, மேலாக ஒரு துடைப்பு. அவ்வளவுதான். மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். சூடும் சோப்பும் அதை வெளியே இழுத்துக் கீறலை வெள்ளையாகக் காட்டிவிடும். முத்தும் பவளமும் கிளிஞ்சல் போலச் சுண்ணாம்புதான். பித்தளைக்குப் போடும் புளி, எலுமிச்சை பக்கத்திலேயே வரக்கூடாது.

கல்யாணத்தில் கட்டும் கழுத்திருவை இந்தத் தட்டுக்கே கொண்டுவராதீர்கள். அது நூலில் கோத்தது, அதன் முறையே வேறு.

6. திருப்பி வைக்கும்போது

நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனிப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பத்து வரை போகும் கடின அளவில் வைரத்துக்கு 10, மாணிக்கத்துக்கு 9, முத்துக்கு 5 கூடத் தேறாது. மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டால் முத்துதான் கீறல் வாங்கும்.

என் அட்டிகைக்குப் பத்தர் ஆறு கல்லையும் எடுத்துத் தகடு மாற்றினார். இப்போது அந்த ஆறு மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுப் பளிச்சென்று இருக்கின்றன. விசேஷ வீட்டில் யாராவது கேட்டால் பக்கத்துக் கல்லைக் காட்டிப் பேச்சை மாற்றிவிடுவேன்.