கிரைண்டர் பாதியில் நின்றது; கோளாறு பேட்டரியில்

மாட்டுக்கொட்டகைக்கு இரும்பு ஆங்கிள் வெட்டும்போதுதான் பிரச்சினை வந்தது. கரண்ட் எட்டாத இடம் என்பதால் 18 வோல்ட் கார்ட்லெஸ் கிரைண்டர் வாங்கியிருந்தேன். டிஸ்க் இரும்பில் இறங்கிப் பத்து நொடி ஆகாது, சட்டென்று நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றித் தொட்டால் கை சுடும். ஆனால் சார்ஜ் காட்டும் விளக்கு மூன்றும் அப்படியே எரியும். மோட்டார் போய்விட்டது என்றே நினைத்தேன்.

லேத் பட்டறை அண்ணன் தன்னுடைய 5 ஆம்பியர்-ஹவர் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்ற அளவு) பேட்டரியை மாட்டித் தந்தார். அதே கிரைண்டர், அதே டிஸ்க், ஒரே மூச்சில் வெட்டி முடித்தது.

விஷயம் உள்ளே இருக்கும் செல்லில். 18 வோல்ட் பேட்டரியில் 3.6 வோல்ட் லித்தியம் செல் ஐந்து வரிசையாக இருக்கும். என்னுடைய 2 ஆம்பியர்-ஹவரில் அந்த ஐந்து மட்டும்தான். பெரியதில் பெரும்பாலும் பத்து. இரண்டிரண்டாகச் சேர்ந்து சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும், சூடும் குறையும். '20 வோல்ட் மேக்ஸ்' என்று போட்டிருப்பதும் இதே ஐந்து செல் வரிசைதான், முழு சார்ஜில் அளந்த கணக்கு. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது கிரைண்டருக்கும் கவாத்து ரம்பத்துக்கும் பெரியது, டிரில்லுக்குச் சின்னது. ஏணியில் ஏறி ஓட்டை போடும்போது அந்த எடைக் குறைவு பெரிய நிம்மதி. எல்லாமே ஒரே வகை பேட்டரியில் ஓடுபவையாகப் பார்த்து வாங்குகிறேன். தகரக் கொட்டகையில் பேட்டரியை வைப்பதே இல்லை, சித்திரை வெயிலில் அது அடுப்பு. வீட்டுக்குள் கொண்டுவந்து, ஆறிய பிறகே சார்ஜ் போடுகிறேன்.