பிரான்ஸ் கிராமப்புறத்தில் சந்தடியில்லாத சைக்கிள் வழியை நீங்களே வகுப்பது எப்படி?

பிரான்ஸில் சைக்கிள் பயணம் என்றதும் பலரும் லுவார் ஆற்றங்கரைப் பாதையையோ, ரோன் ஆற்றையொட்டிப் போகும் வியாரோனாவையோதான் தேடுகிறார்கள். இரண்டும் அருமையான பாதைகள். ஆனால் சைக்கிளுக்கென்று தனியாகப் போட்ட பாதை இருந்தால்தான் நிம்மதியாகப் போக முடியும் என்று நினைக்க வேண்டாம். அந்த நாட்டின் சாதாரண கிராமச் சாலைகளே போதும். மொத்தம் சுமார் 11 லட்சம் கிலோமீட்டர் சாலைகளில் ஏறக்குறைய 7 லட்சம் கிலோமீட்டர், கொம்யூன் எனப்படும் உள்ளாட்சிகளின் பொறுப்பில் இருக்கிறது. ஊர்களுக்கு இடையிலான சாலைகளைப் பராமரிப்பதை 1836ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் கடமையாக்கியது. நாலைந்து வீடுகள் உள்ள குக்கிராமத்துக்கும் தார்ச்சாலை போவதை இன்று பார்க்கலாம். பெரிய வண்டிகளெல்லாம் நெடுஞ்சாலையில் போய்விட, இந்தச் சாலைகள் காலியாகக் கிடக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: சாலையின் எண்ணைப் படியுங்கள்

ஏ என்ற எழுத்தில் தொடங்குவது மோட்டார் நெடுஞ்சாலை. அதில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. என் என்பது தேசியச் சாலை. பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் எண் இருக்கும். லாரிகள் அதிகம், விட்டுவிடுங்கள். மஞ்சள் கட்டத்தில் டி என்று இருந்தால் மாவட்டச் சாலை. வெள்ளைக் கட்டத்தில் சி என்று இருந்தால் உள்ளூர்ச் சாலை. நமக்கு வேண்டியவை கடைசி இரண்டும்தான்.

"டி எண் பெரியதாக இருந்தால் சாலை சிறியது" என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 2006இல் அரசு ஏராளமான தேசியச் சாலைகளை மாவட்டங்களிடம் ஒப்படைத்தது. எழுத்து மாறியது, போக்குவரத்து மாறவில்லை. தென்மேற்கே காஓர் என்ற ஊர் வழியாகப் போகும் டி 820 முன்பு என் 20ஆக இருந்தது. ஃபிஜாக் ஊரைத் தொடும் டி 840 அப்போது என் 140. ஆக, 800, 900 வரிசையிலோ நான்கு இலக்கத்திலோ டி எண்ணைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

படி 2: வரைபடத்தில் வெள்ளைக் கோடுகளைத் தேடுங்கள்

மிஷ்லான் நிறுவனத்தின் காகிதச் சாலை வரைபடத்தில் சிவப்பு பெரிய சாலை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை சின்னஞ்சிறு சாலை. ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் காட்சி அழகான வழி. சாலையின் மேல் தெரியும் அம்புக்குறிகளைக் கவனியுங்கள்: ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். அம்பு காட்டும் திசையில் மேடு. புதிதாகப் போகிறவர்கள் இரண்டு அம்பு உள்ள சாலையை முதல் நாளிலேயே எடுக்க வேண்டாம்.

காகித வரைபடம் இல்லையென்றால் cartes.gouv.fr என்ற அரசு இணையதளத்தில், ஐஜிஎன் எனப்படும் தேசிய நிலவரைபட நிறுவனத்தின் வரைபடங்களை இலவசமாகவே பார்க்கலாம்.

படி 3: நடுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. வழியைக் குறித்த பிறகு, கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் அஞ்சாறு இடங்களில் இறங்கிச் சாலையைப் பாருங்கள். நடுவில் வெள்ளைக் கோடு போடவில்லை என்றால், இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டிய அகலம்தான் அது. அங்கே அவசரக்காரர்கள் வருவது அபூர்வம். நடுக்கோடும் அகலமான ஓரமும் இருந்தால், அந்தச் சாலையில் வேகமாகப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். செயலி போட்டுத் தரும் வழியைவிட இந்தச் சோதனையை நம்புங்கள்.

படி 4: ரயிலடியிலிருந்து ரயிலடிக்கு, ஆற்றோடு

முதல் பயணத்துக்கு இரண்டு விதிகள் போதும். தொடங்கும் ஊரிலும் முடியும் ஊரிலும் ரயில் நிலையம் இருக்க வேண்டும். இடையில் ஆறு ஓடும் திசையிலேயே போக வேண்டும், அப்போது மொத்தத்தில் இறக்கம்தான்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், தென்மேற்கே லோட் மாவட்டத்திலுள்ள செலே பள்ளத்தாக்கு. பாரிஸிலும் அதன் புறநகரிலும் இருக்கும் தமிழர்கள் ஒரு நீண்ட வார இறுதியில் போய்வரலாம். ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ரயிலேறி, பிரீவில் மாறி ஃபிஜாக்கில் இறங்குங்கள். எகிப்திய எழுத்தை வாசித்துக் காட்டிய ஷாம்போலியோன் 1790இல் பிறந்த ஊர் அது. அதற்கு அவருக்கு உதவிய ரொசெட்டா கல்லின் பிரம்மாண்டமான பிரதி ஒன்றை ஊருக்குள் ஒரு சிறு சதுக்கத்தில் தரையாகவே பதித்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

ஊரைவிட்டு மேற்கே வெளியேறும் முதல் சில கிலோமீட்டரில் கார்கள் இருக்கும். டி 41 தொடங்கிய பிறகு நிலைமை மாறிவிடும். செலே ஆறு லோட் ஆற்றில் கலக்கும் கோன்டூஷே வரை மொத்தம் சுமார் 45 கிலோமீட்டர். ஒரு பக்கம் ஆறும் புல்வெளியும், மறுபக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர். எஸ்பான்யாக்கில் அக்கரைக்குப் போய், மரச் சட்டமும் செங்கல்லுமாகக் கட்டிய மணிக்கோபுரத்தைப் பாருங்கள். மார்சியாக்கில் பாதி இடிந்த பெனடிக்ட் சபை மடாலயம் இருக்கிறது. காப்ரரே பக்கம் வந்தால் பாறை சாலைக்கு மேலேயே கவிந்து நிற்கும்.

காப்ரரேயில் இரவு தங்குவது நல்லது. அதன் மேலே உள்ள பெஷ் மெர்ல் குகையில், உடம்பெல்லாம் புள்ளிகள் கொண்ட குதிரைகளைச் சுமார் 29,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டியிருக்கிறார்கள். ஓவியங்களைக் காப்பதற்காக ஒரு நாளைக்கு 700 பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். குகைக்கு ஏறும் சாலை செங்குத்து. மூட்டையைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் நடந்தே ஏறுங்கள்.

மறுநாள் கோன்டூஷேயிலிருந்து லோட் ஆற்றோடு காஓர் வரை சுமார் 30 கிலோமீட்டர். உடம்பில் தெம்பிருந்தால், ஆற்றுக்கு 100 மீட்டர் உயரத்தில் பாறைமேல் நிற்கும் சான் சிர் லாபோபியை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். காஓரை நெருங்க நெருங்கக் கார்கள் கூடும், அந்தப் பகுதியைக் காலையில் சீக்கிரமே கடந்துவிடுங்கள். அங்கிருந்து பாரிஸுக்கு நேரடி ரயில் உண்டு.

அந்த நீண்டதூர ரயிலில் சைக்கிளுக்குத் தனி முன்பதிவு வேண்டும், இடமும் குறைவு. டெர் எனப்படும் மாகாண ரயில்களில் பெரும்பாலும் அப்படியே ஏற்றலாம். ஆனால் கோடையில் சில மாகாணங்களில் முன்பதிவு கேட்பார்கள். இன்னொன்று: தண்டவாள வேலைக்காக ரயிலுக்குப் பதில் பஸ் விடும் நாட்களில் சைக்கிளை ஏற்றுவார்கள் என்று நம்ப முடியாது. கிளம்பும் முன் அட்டவணையில் பஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் சரியானவை. ஜூலை, ஆகஸ்டில் செலே ஆற்றில் படகு விடுபவர்களின் வண்டிகள் சேர்ந்துகொள்ளும்.

கிழமையும் முக்கியம். 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குச் சனி இரவு 10 மணி முதல் ஞாயிறு இரவு 10 மணி வரை பொதுவாகத் தடை உண்டு. ஆனால் நல்ல வெயிலடிக்கும் ஞாயிறுகளில் வளைந்து செல்லும் பள்ளத்தாக்குச் சாலைகளுக்கு மோட்டார் சைக்கிள்காரர்கள் வருவார்கள். என்னைக் கேட்டால் வார நாட்களில் பகல் 12 முதல் 2 வரைதான் உத்தமம். ஊரே சாப்பிட உட்கார்ந்திருக்கும், சாலை முழுக்க உங்களுடையது.

படி 6: சாப்பாடும் தண்ணீரும்

அதே 12 மணிக்குக் கடைகளும் மூடிவிடும். ஞாயிறு மதியமும் திங்கட்கிழமையும் இன்னும் மோசம். ரொட்டி, பாலாடைக்கட்டி, வாழைப்பழத்தைக் காலையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த நாட்டின் சைக்கிள் சுற்றுலாவுக்கு முன்னோடியான வெலோசியோ, பசிப்பதற்கு முன்னால் சாப்பிடு, தாகம் எடுப்பதற்கு முன்னால் குடி என்று சொல்லிவைத்தார். இன்றைக்கும் அதுதான் சரி.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். நம்மில் சிலருக்குத் தயக்கமாக இருக்கும். ஆனால் அனேகமாக ஒவ்வொரு கிராமத்திலும் கல்லறை வாசலுக்குப் பக்கத்தில் குழாய் இருக்கிறது, பயணிகள் பலரும் அங்கேதான் பாட்டிலை நிரப்புகிறார்கள். "ஓ நோன் போதாபிள்" என்று எழுதியிருந்தால் அது குடிக்கும் தண்ணீர் அல்ல.

படி 7: சாலையில் இறங்கிய பின்

வலப்பக்கமாகப் போக வேண்டும். பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. ஊருக்குள் சந்திலிருந்து ஒரு டிராக்டர் நிற்காமல் வந்தால், அவர் விதிப்படிதான் வருகிறார். நம் ஊர் பழக்கத்தில் நேரே போய்விடக் கூடாது.

ஊருக்கு வெளியே உங்களைத் தாண்டும் கார் 1.5 மீட்டர் இடம் விட வேண்டும் என்பது சட்டம், பலரும் விடுவார்கள். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம், பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள். மணியும் விளக்குகளும் வேண்டும். இருட்டிலோ மூடுபனியிலோ ஊருக்கு வெளியே போனால் ஒளிரும் மேற்சட்டை கட்டாயம். காதில் இயர்போன் மாட்டி ஓட்டினால் அபராதம்.

கோடையில் "கிராவியோன்" என்ற பலகை கண்ணில் பட்டால் உடனே வேகத்தைக் குறையுங்கள். தார் ஊற்றி அதன்மேல் பொடிச் சல்லியைக் கொட்டிவிட்டு, வண்டிகள் அழுத்தட்டும் என்று விட்டிருப்பார்கள். அதில் வளைவில் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கார் சக்கரங்கள் அழுத்திவிட்ட தடத்திலேயே நேராகப் போங்கள். இறக்கமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல்.