கொரோனாவில் போன வாசனையை மீட்க: நான்கு பாட்டில் பயிற்சி

வாசனை தெரியாதவர் இருக்கும் வீட்டில், பயிற்சிக்கு முன்னால் சமையலறையைப் பத்திரப்படுத்துங்கள். சிலிண்டரில் வரும் சமையல் கேஸுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அது இப்போது உங்கள் மூக்குக்கு எட்டாது. ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் ரெகுலேட்டரை மூடுங்கள். கசிவு அலாரம் வாங்கினால் தரையிலிருந்து ஒரு அடிக்குள் மாட்டுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். சந்தேகம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கும் பால், மாவு, குழம்பு எல்லாவற்றிலும் தேதி ஒட்டுங்கள்.

‘ருசியே இல்லை’ என்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். நாக்கில் கொஞ்சம் உப்பு, வாய் கொப்பளித்துவிட்டுக் கொஞ்சம் சர்க்கரை. இரண்டும் தெரிந்தால் நாக்கு நன்றாக இருக்கிறது, போனது மணம்தான். இது தெரியாமல் சாப்பாட்டில் உப்பையும் ஊறுகாயையும் ஏற்றிக்கொண்டே போய் ரத்த அழுத்தத்தை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

மூக்கின் உச்சியில் வாசனை நரம்புகளைத் தாங்கி நிற்கும் செல்களைத்தான் கொரோனா வைரஸ் முக்கியமாகத் தாக்குகிறது. பலருக்குச் சில வாரங்களில் அவை தேறிவிடும். சேதம் ஆழமானால் நரம்பு புதிதாக முளைத்து மூளைக்கு வழி தேட வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். அந்த வழியைப் பழக்கத்தான் இந்தப் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மலும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட முறை இது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நான்கு மணங்களைக் காலையும் மாலையும் 12 வாரம் முகர வேண்டும். சளி அடங்கி இரண்டு வாரம் ஆகியும் மணம் வராவிட்டால் தொடங்கிவிடலாம்.

மூடியுள்ள நான்கு சிறு கண்ணாடி பாட்டில்கள் போதும். கிராம்பு 6 அல்லது 8 எடுத்து ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். எலுமிச்சையில் மேல்தோலை மட்டும் சீவி தினமும் புதிதாகப் போடுங்கள். யூகலிப்டஸுக்குப் பஞ்சில் நீலகிரித் தைலம் 2 சொட்டு. ரோஜாவில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: பூங்கொத்துகளில் வரும் பெரிய ரோஜாக்களில் பெரும்பாலும் மணமே இருக்காது. பன்னீர் ரோஜா இதழ் வேண்டும், கிடைக்காவிட்டால் ரோஜா எண்ணெய். பாட்டிலில் பெயரை எழுதி ஒட்டுங்கள். பெயரைப் பார்த்தபடி முகர்வதும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

பாட்டிலை மூக்குக்குக் கீழே இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்து, முயல் முகர்வதுபோலச் சின்னச் சின்னதாக 20 விநாடி முகருங்கள். ஒரே மூச்சாக இழுக்க வேண்டாம். அந்த நேரம் முழுக்க அந்த மணத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்: பிரியாணிக் கிராம்பு, கசக்கிய எலுமிச்சைத் தோல். அரை நிமிடம் விட்டு அடுத்த பாட்டில். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒன்றுமே தெரியாத நாட்களிலும் செய்ய வேண்டும். பலர் சில வாரங்களில் சலித்து விட்டுவிடுகிறார்கள். ஞாயிறுதோறும் ஒவ்வொரு மணத்துக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் எழுதிவையுங்கள். முன்னேற்றம் அவ்வளவு மெதுவாக வருவதால் நினைவை நம்ப முடியாது.

தைலத்தின் ஜில்லிப்பை மணம் என்று எண்ணிவிடாதீர்கள். அதை உணர்வது வேறு நரம்பு. அதனால்தான் கற்பூரமும் தலைவலித் தைலமும் பயிற்சிக்கு உதவாது. ஊதுபத்திப் புகையும் வேண்டாம். எண்ணெயை மூக்குக்குள் விடவே கூடாது. துத்தநாகம் கலந்த மூக்கு ஸ்பிரே இருக்கிற வாசனை உணர்வையும் கெடுக்கக்கூடியது.

பலரைக் கலங்கடிப்பது அடுத்த கட்டம். இரண்டு மூன்று மாதம் கழித்து மணம் திரும்பும், ஆனால் கோணலாக. காபி சாக்கடையாக நாறும், வெங்காயம் வதக்கினால் குமட்டும். புதிய நரம்புகள் இன்னும் சரியாக இணையாததே காரணம் என்று கருதப்படுகிறது. ஒன்றுமே தெரியாத நிலையைவிட இது முன்னேற்றம்தான். பயிற்சியை நிறுத்தாதீர்கள். எந்த பாட்டில் தாங்க முடியவில்லையோ அதை மட்டும் மாற்றுங்கள். வறுத்ததும் கந்தகச் சேர்மம் உள்ளதும்தான் அதிகம் தொல்லை தரும்: காபி, வெங்காயம், பூண்டு, முட்டை, பொரித்த கறி, பெருங்காயமும்கூட. தாளிக்காத தயிர்சாதம், ஆறிய இட்லி, பூண்டில்லாத தேங்காய்ச் சட்னி, கஞ்சி, பழம் என்று சாப்பிட்டால் உடம்பு தாங்கும். சூடான உணவில் ஆவி அதிகம், ஆற வைத்துச் சாப்பிடுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள்; இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டார் இதை அடம் என்று எண்ணக் கூடாது. தட்டை ஒதுக்குபவருக்கு அந்த நாற்றம் நிஜம்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் மணம் போனது, ரத்தம் வடிவது, முகத்தில் வலி, சர்க்கரை நோயாளிக்குக் கறுப்பாகச் சளி வருவது: இவற்றுக்குப் பயிற்சி வேண்டாம், உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

12 வாரம் முடிந்தும் மாற்றம் போதவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டு, மல்லிகை, ஏலக்காய், இஞ்சி, கறிவேப்பிலை என்று புதிய நான்கை எடுத்துக்கொண்டு இன்னொரு 12 வாரம் தொடருங்கள்.