வேட்டைக்கும் வீட்டுக்கும் ஒரே கைத்துப்பாக்கி: முதல்முறை வாங்குவோருக்கு

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “ரெண்டு துப்பாக்கி வாங்க வசதியில்லை. மான் வேட்டைக்கும் ஆகணும், வீட்டுப் பாதுகாப்புக்கும் ஆகணும். எதை வாங்கலாம்?” என் பதில் பல வருடமாக மாறவில்லை: 4 அங்குலக் குழல் உள்ள, .357 மேக்னம் என்ற தோட்டாவைச் சுடும் ரிவால்வர்.

முதலில் சட்டம். கூட்டாட்சிச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கடையில் தரும் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்பினால் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். எச்-1பி (வேலை விசா) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலும், வழக்கறிஞரிடம் கேட்காமல் கடைப்பக்கம் போகாதீர்கள். உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் வேட்டை விதிகளையும் படித்துவிடுங்கள். மானுக்கு எந்த அளவுத் தோட்டா, எவ்வளவு நீளக் குழல் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அடுத்து, ஏன் .357? 1935-இல் வந்த இந்தத் தோட்டா, பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டை (மருந்தும் குண்டும் அடைத்த உலோக உறையை) சுமார் 3 மில்லிமீட்டர் நீட்டிச் செய்தது. அதனால் .357 ரிவால்வரில் .38 தோட்டாவையும் போட்டுச் சுடலாம். .38 ரிவால்வரில் .357-ஐ ஒருபோதும் போடக்கூடாது. பழகுவதற்கு மென்மையான .38, காட்டுக்கு .357 என்று ஒரே துப்பாக்கி இரண்டு வேலை செய்கிறது. .44 மேக்னம் இன்னும் வலுவானதுதான். ஆனால் புதியவர் அதன் உதைப்புக்குப் பயந்து, சுடுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்வார். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவது கடினம்.

மூன்றாவது படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்: கைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. கடைக்காரரிடம் சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தோட்டா போடும் ஆறு அறையும் காலி என்று உங்கள் கண்ணாலேயே பார்த்த பிறகு, பாதுகாப்பான திசையில் பிடியுங்கள். முன்கையும் குழலும் ஒரே கோட்டில் இருக்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு விசையை எட்ட வேண்டும். எட்டுவதற்காக மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருந்தால் அந்தப் பிடி உங்களுக்குப் பெரியது. இந்த வகையில் பிரபலமான ரூகர் ஜிபி100, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 ரிவால்வர்கள் இரண்டுமே ஏறக்குறைய 1.1 கிலோ. கனம் என்று ஒதுக்காதீர்கள், உதைப்பைத் தாங்குவதே அந்தக் கனம்தான்.

தோட்டா: மானுக்கு 158 கிரெயின் (சுமார் 10 கிராம்) எடையுள்ள மென்முனைக் குண்டு. 50 கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானை விட்டுவிடுங்கள். காயத்தோடு ஓடும் விலங்கு படும் வேதனைக்கு நாம் காரணமாகக் கூடாது. வீட்டுக்கு .38 ஸ்பெஷல் +பி (சற்றுக் கூடுதல் அழுத்தமுள்ள வகை) குழிமுனைத் தோட்டா போதும். மூடிய அறையில் .357 வெடித்தால் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். பயிற்சிக் களத்தில் காதுக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.

ஒரு விஷயத்தைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. .38 நிறையச் சுட்டால், அதன் குட்டையான கூடு முடியும் இடத்தில் சிலிண்டர் அறைக்குள் கரி வளையமாகப் படியும். பிறகு நீளமான .357 உள்ளே போகாமல் முட்டும். அழுத்தித் திணிக்காதீர்கள். வெண்கலத் தூரிகையில் கரைப்பான் தொட்டு ஒவ்வோர் அறையையும் தேய்த்தால் சரியாகிவிடும்.

துப்பாக்கி வாங்கும் அன்றே பூட்டுப் பெட்டகமும் வாங்கிவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீடென்றால், பெட்டகத்தைப் பொருத்திய பிறகே துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.