செயின்சா இழுவை குறைந்தால் முதலில் எங்கே கை வைப்பது?

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போன பிறகு, விழுந்த மரங்களை அப்புறப்படுத்துவதற்காக எங்கள் ஊரில் பலர் முதன்முதலாகச் செயின்சாவைக் கையில் எடுத்தார்கள். நானும் அப்படி எடுத்தவன்தான். பழுது பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகு, என் எந்திரத்தை நானே கெடுத்துக்கொண்டதால். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

"அண்ணே, மெஷின்ல இழுவையே இல்ல, சைலன்சரைத் தொறந்து விட்டுடலாமா?" என்று கேட்டு வருபவரிடம் நான் முதலில் பார்ப்பது எஞ்சினை அல்ல, அவருடைய சட்டையில் ஒட்டியிருக்கும் மரத்தூளைத்தான். கூரான செயின் மரத்தைச் சீவல் சீவலாக எடுத்துத் தள்ளும். மழுங்கிய செயின் அரிசி மாவு போல அரைத்துக் கொட்டும். தூள் மாவாக இருந்தால், எஞ்சினில் என்ன மாற்றம் செய்தாலும் பணம்தான் வீணாகும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். கையில் தடித்த உறை இருக்கட்டும். நின்றிருக்கும் செயினும் விரலைக் கிழிக்கும்.

முதல் வேலை, செயினைத் தீட்டுவது. செயினின் பிட்ச் அளவு, அதாவது இணைப்புகளுக்கு இடையிலான தூரம் அங்குலத்தில், கைடு பாரிலோ (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினிலோ பொறிக்கப்பட்டிருக்கும். .325 பிட்ச் செயினுக்கு 4.8 மி.மீ. வட்ட அரமும், சாதாரண 3/8 பிட்ச் செயினுக்கு 5.2 மி.மீ. அரமும், சிறிய எந்திரங்களில் வரும் தாழ்வகை 3/8 செயினுக்கு 4 மி.மீ. அரமும் வேண்டும். கைடு பாரை வைஸில் இறுக்கிக்கொண்டு, அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரியும்படி வைத்து, பெரும்பாலான செயின்களுக்குப் பொருந்தும் 30 பாகைச் சாய்வில், பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மட்டும் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பற்களுக்கும் மூன்றுதான். ஒரு பக்கத்துப் பற்கள் நீளமாகவும் மறுபக்கத்துப் பற்கள் குட்டையாகவும் ஆகிவிட்டால், வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்து போகும். சரியாகத் தீட்டிய பல்லின் முனையை வெயிலில் திருப்பிப் பாருங்கள். முனையில் வெள்ளைக் கோடு போல ஒளி மின்னினால் அது இன்னும் மழுங்கல்தான். கூரான முனையில் ஒளி நிற்காது.

பலரும் மறந்துவிடுவது, ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சுறாவின் முதுகுத் துடுப்பு போல நிற்கும் சிறு மேட்டை. ரேக்கர் என்று சொல்லப்படும் அந்த மேடுதான் பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பல்லைத் தீட்டத் தீட்ட அதன் உயரம் குறைவதால், மேட்டையும் அவ்வப்போது தட்டை அரத்தால் தேய்த்து, பல்லைவிட ஏறத்தாழ 0.65 மி.மீ. தாழ்வாக வைத்திருக்க வேண்டும். அதற்கான கேஜைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், கண்மதிப்பில் செய்யாதீர்கள். அளவுக்கு மீறித் தேய்த்தால் எந்திரம் வெறியோடு கடித்து, கையை உதறித் தள்ளும்.

நம் கடலோரத்து மரங்களில் பட்டையின் இடுக்குகளில் மணல் ஏறியிருக்கும். சாய்ந்து தரையில் கிடந்த சவுக்கை அப்படியே அறுத்தால், காலையில் தீட்டிய செயின் அரை மணி நேரத்தில் மழுங்கிவிடும். வெட்டும் இடத்தில் கத்தியால் பட்டையைச் சீவிவிட்டு அறுப்பது வீண்வேலை அல்ல.

அடுத்தது கைடு பார். அதன் பள்ளத்தில் இறுகியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுத்து, எண்ணெய் வரும் துளையைக் கம்பியால் குத்தித் திறந்து, விளிம்பில் எழும்பியிருக்கும் பிசிறைத் தட்டை அரத்தால் தேய்த்து, ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். இரு பக்கமும் சமமாகத் தேயும். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, வேலை தொடங்கும் முன் பாரின் முனையை ஓர் அட்டைக்கு நேரே பிடித்து ரேஸ் கொடுத்தால், அட்டையில் எண்ணெய்ப் புள்ளிகள் கோடாக விழ வேண்டும். பைக்கிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை ஊற்றுவது இங்கே பெரும் பழக்கம். அதில் கலந்திருக்கும் உலோகத் துகள்கள் பாரையும் எண்ணெய்ப் பம்பையும் அரித்துவிடும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

ஏர் ஃபில்டரைச் சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. கரிய பிசுக்கு என்றால் பெட்ரோலோ ஆயிலோ மிகுதி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை.

எரிபொருளில்தான் இன்றைக்குப் புதிய தலைவலி. பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது; எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவில்லை. மாதக்கணக்கில் டேங்கில் விட்ட பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் வடித்துப் பார்த்தால் அடியில் தனி அடுக்காக நீர் தங்கியிருப்பது தெரியலாம். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு அதனால் விறைத்துப்போய், ஐட்லிங்கில் ஓடும் எந்திரம் ரேஸ் கொடுத்தவுடன் அணைந்துவிடும். வேலை இல்லாத மாதங்களில் டேங்கை வடித்து, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு வைப்பது நல்லது. பெட்ரோலோடு சேர்க்க வேண்டிய ஆயிலின் அளவு எந்திரத்தின் கையேட்டின்படிதான்: 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்), 25:1 என்றால் 40 மி.லி.

இதற்குப் பிறகே கார்புரேட்டர். எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு, குறைந்த வேகத்துக்கு உரிய, எல் என்று குறித்த ஸ்குரூவை மெல்லத் திருப்பி, ஐட்லிங் மிக வேகமாக ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் சுற்றுக்கும் குறைவாக இடப்பக்கம் திறந்துவிடுங்கள். பிறகு ஐட்லிங் ஸ்குரூவைக் குறைத்து, செயின் முற்றிலும் நிற்கும்படி வையுங்கள். எச் ஸ்குரூ முழு வேகத்துக்கு உரியது. மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுக்கும்போது ஒலி சற்றே கரகரப்பாகத் தடுமாற வேண்டும், மரத்தில் இறங்கியதும் அந்தத் தடுமாற்றம் மறைந்து சீராக வேண்டும். காற்றில் கீச்சென்று சீராகக் கத்துகிறது என்று மகிழாதீர்கள். பெட்ரோல் குறைந்து, அதோடு வரும் ஆயிலும் குறைந்து, பிஸ்டன் உரசத் தொடங்கியிருக்கிறது என்று பொருள்.

இனி மாற்றம் செய்ய விரும்புபவருக்கு. 58 சிசி எந்திரத்தில் 22 அங்குல பார் மாட்டியிருந்தால், 18 அங்குல பாரும் அதற்குரிய செயினும் மாற்றிப் பாருங்கள். இழுக்க வேண்டிய செயினின் நீளம் குறைவதால் காய்ந்த முந்திரிக் கட்டையிலும் வேகம் தெரியும். நான் பரிந்துரைக்கும் ஒரே மாற்றம் இதுதான். பிட்ச், பள்ளத்தின் அகலம், இணைப்புகளின் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும் என்பதால், பழைய பாரைக் கையில் கொண்டுபோய் வாங்குங்கள்.

சைலன்சரைத் துளையிட்டு அகலமாக்கினால் புகை எளிதாக வெளியேறி, இழுவை ஓரளவு கூடுவது உண்மையே. ஆனால் எஞ்சின் அப்போது கூடுதல் காற்றை வாங்குவதால் எச் ஸ்குரூவைத் திறந்து பெட்ரோலையும் கூட்ட வேண்டும். நான் துளையிட்டேன், ஸ்குரூவைத் தொடவில்லை. இரண்டு பலா மரம் அறுபட்டது. மூன்றாவதில் எந்திரம் சட்டென்று நின்று, ஸ்டார்ட்டர் கயிறு இழுக்க வராமல் இறுகியது. சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தபோது, புகைபோக்கிப் பக்கத்துப் பிஸ்டனில் மேலிருந்து கீழாக நகம் பிறாண்டியது போலக் கீறல்கள். சிலிண்டரும் பிஸ்டனும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. துளையிட்டே தீருவேன் என்பவர், தீப்பொறியைத் தடுக்கும் வலையை மட்டுமாவது கழற்றி எறியாதீர்கள். கோடையில் முந்திரித் தோப்பின் சருகுக்கு ஒரு பொறி போதும்.

பழைய எந்திரம் வாங்குபவர் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்த நிலையில், ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து எந்திரத்தைத் தொங்கவிடுங்கள். எந்திரம் விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கினால் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறது. தடையே இல்லாமல் சரசரவென்று இறங்கினால், விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.