3 மில்லிமீட்டர் எங்கே போய் நிற்கும்: டோட்டல் ஸ்டேஷனைப் புள்ளியின் மேல் நிறுத்துவது

கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவியான டோட்டல் ஸ்டேஷனோடு 22 ஆண்டுகளாகத் திரிகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது கோணம் எடுப்பதை அல்ல, நிலத்தில் புள்ளியைக் குறிக்கும் ஆணியின் மேல் கருவியை நிறுத்துவதை. ஒரு தொழிற்சாலைக் கொட்டகை எனக்கு அந்தப் பாடத்தைக் கற்றுத் தந்தது.

தூண் அஸ்திவாரங்களின் போல்ட்டுகளுக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தேன். திசையைப் பொருத்த முதலில் பார்க்கும் தெரிந்த புள்ளியான பேக்சைட் எனக்குப் பின்னால் 20 மீட்டரில், கடைசி அஸ்திவாரம் முன்னால் 120 மீட்டரில். கருவியிலிருந்து நேர் கீழே விழும் லேசர் புள்ளி ஆணியின் நடுவில் விழுந்தது, குமிழி நடுவில் நின்றது, வேலையைத் தொடங்கிவிட்டேன். கான்கிரீட் போட்ட பிறகு, பக்கத்து வரிசையிலிருந்து டேப் பிடித்துப் பார்த்த மேஸ்திரி, "சார், கடைசித் தூண் வெளியே போகிறது" என்றார். அளந்தோம். 21 மில்லிமீட்டர்.

கருவியின் லேசர் 3 மில்லிமீட்டர் தள்ளி விழுந்துகொண்டிருந்தது. நான் சோதிக்கவில்லை. கிணற்று ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள்: அச்சுக்கு அருகில் மரம் கொஞ்சம் அசைந்தால் முனை எவ்வளவு தூரம் போகிறது! இங்கே அச்சு பேக்சைட் புள்ளி. அதிலிருந்து 20 மீட்டரில் 3 மில்லிமீட்டர் பிழை என்றால், 140 மீட்டரில் அதைப்போல் ஏழு மடங்கு. அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி உண்டு. நான் குறி போடப் போகும் மிகத் தொலைவான புள்ளியைவிட பேக்சைட் தொலைவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு இடம் தேடுவேன்.

முக்காலியை நெஞ்சளவு உயரத்தில், கால்களை நன்றாக அகட்டி வையுங்கள். சரிவில் இரண்டு கால்கள் கீழ்ப்பக்கம், ஒன்று மேல்பக்கம். காலை மிதித்து இறக்கும்போது நேர் கீழாக அல்ல, கால் சாய்ந்திருக்கும் திசையிலேயே மிதிக்க வேண்டும். டெல்டாக் களிமண்ணில் மிதிப்பது மட்டும் போதாது. மரமுளைகளை அடித்து அவற்றின் மேல் கால்களை நிறுத்துங்கள். வழவழப்பான தரையில் மூன்று கால்களையும் சங்கிலியால் பிணைத்துவிடுங்கள்.

கருவியை ஏற்றி லேசரைப் போடுங்கள். ஒரு கால் நிலத்தில் இருக்க, மற்ற இரண்டையும் தூக்கி நகர்த்திப் புள்ளியை ஆணிக்கு அருகில் கொண்டுவாருங்கள். மீதித் தூரத்தைக் கருவியின் அடியிலுள்ள மூன்று மட்டத் திருகுகளால் முடியுங்கள். வட்டக் குமிழி இப்போது எங்கோ ஓடியிருக்கும். புதியவர்கள் அதையும் திருகுகளாலேயே சரிசெய்யப் போவார்கள். கூடாது, லேசர் மறுபடி ஓடிவிடும். முக்காலிக் கால்களை நீட்டியும் குறைத்தும் வட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கருவி நிலமட்டத்தை அச்சாகக் கொண்டே சாய்வதால் லேசர் ஆணியை விட்டு அதிகம் விலகாது.

அடுத்து நீளக் குமிழி. அதை இரண்டு திருகுகளுக்கு இணையாகத் திருப்பி, இரண்டு கட்டைவிரல்களையும் ஒன்றாக உள்நோக்கியோ வெளிநோக்கியோ சுழற்றுங்கள். இடது கட்டைவிரல் போகும் பக்கமே குமிழியும் போகும். 90 டிகிரி திருப்பி மூன்றாவது திருகை மட்டும் தொடுங்கள். இனி 180 டிகிரி திருப்புங்கள். குமிழி இரண்டு கோடு விலகினால் ஒரு கோட்டை மட்டும் திருகால் சரிசெய்யுங்கள். மற்றது குமிழியின் சொந்தப் பிழை. அந்த இடத்திலேயே நிற்கட்டும், கருவி மட்டமாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு கருவியை முக்காலியோடு பிணைக்கும் நடுத் திருகைச் சற்றே தளர்த்தி, கருவியைச் சுழற்றாமல் நேராகத் தள்ளி ஆணியின் பொட்டுக்குக் கொண்டுவாருங்கள். சுழன்றால் மட்டம் கெடும். இறுக்கி, மறுபடி மட்டம் பார்த்து, மறுபடி தள்ளி, இரண்டு மூன்று சுற்றில் முடிந்துவிடும். குறி ஆணித்தலை அல்ல, அதன் மேல் பஞ்ச் அடித்த பொட்டு.

நான் அன்று விட்ட வேலை இனிமேல்தான். ஆணியின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டை ஒட்டி, கருவியை 90 டிகிரியாகத் திருப்பி லேசர் விழும் நான்கு இடங்களையும் கூரிய பென்சிலால் குறியுங்கள். நான்கும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால் நல்லது. வட்டமாக விழுந்தால் அதன் மையமே உண்மையான இடம். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் என்றால் 3 மில்லிமீட்டர் பிழை. ஆனால் லேசரோ, அதற்குப் பதிலாக ஆணியைப் பார்க்க உதவும் பார்வைக் குழாயோ, மட்டத் திருகுகள் உள்ள அடிப்பலகையான ட்ரைபிராக்கில் இருந்தால், கருவியைத் திருப்பி எதையும் கண்டுபிடிக்க முடியாது. ட்ரைபிராக்கின் ஓரத்தை முக்காலித் தலையில் பென்சிலால் வரைந்துகொண்டு, அதே வரைக்குள் அதை 120 டிகிரியாக மூன்று முறை வைத்து, ஒவ்வொரு முறையும் மட்டம் பார்த்துக் குறியுங்கள்.

குமிழி, லேசர், தொலைநோக்கியைப் புரட்டி இரு முகங்களிலும் பார்ப்பது என எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. கருவியைத் திருப்பினால் பிழையும் அதோடு திரும்பி எதிர்ப்பக்கம் போய் நிற்கும். உண்மை நடுவில் இருக்கும்.

கருவி எங்காவது இடிபட்டால், அன்றே இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். 1808-இல், இந்தியாவின் பெரும் நில அளவையைத் தொடங்கிய லாம்டன் தன் அரை டன் தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, தஞ்சைப் பெரிய கோவிலின் மேல் ஏற்றியபோது கயிறு அறுந்து சுவரில் மோதியது. வளைந்த வட்டத்தைக் கூடாரத்தில் உட்கார்ந்து அவரே நிமிர்த்தினார், ஆறு வாரங்கள் ஆயின. முக்காலியோடு கருவியைத் தோளில் சாய்த்து நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும். பெட்டி எதற்கு இருக்கிறது?

வெயிலில் குடை பிடியுங்கள். ஒரு பக்கம் சூடான முக்காலி மெல்லத் திரும்பும். பக்கத்தில் ரோலர் ஓடினால் நிறுத்தச் சொல்லிவிட்டு அளந்துகொள்ளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மணிக்கு இருமுறையும், கருவியைக் கழற்றும் முன்பும் நான் பேக்சைட்டை மறுபடி பார்ப்பேன். கோணம் 10 செகண்டுக்கு (ஒரு டிகிரியில் 3600 செகண்டு) மேல் விலகியிருந்தால், கடைசியாகச் சரியாக இருந்த நேரத்துக்குப் பிறகு போட்ட எல்லாக் குறிகளையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுகிறேன்.