கேஸ், கரண்ட், கிரில் திறப்பு: இருட்டிலும் கைக்குப் பழகியிருக்க வேண்டியவை

அவசரத்துக்கு ஒரு பை கட்டி வைப்பது நல்லதுதான். ஆனால் கொழும்பு வீடுகளில் அதற்கு முன்னால் பழக வேண்டியவை மூன்று: கேஸை மூடுவது, கரண்டை நிறுத்துவது, கிரில் கதவைத் திறப்பது. பல வீடுகளில் இவை ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருப்பது அம்மம்மாவும் பிள்ளைகளும். வாயால் சொல்லிக் கொடுத்தது பதற்றத்தில் மறந்துபோகும். ஒவ்வொருவரும் தன் கையால் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும்.

கேஸிலிருந்து தொடங்குங்கள். இரவில் அடுப்புக் குமிழை மூடினால் மட்டும் போதாது, சிலிண்டரில் உள்ள ரெகுலேட்டரையும் மூடுங்கள். இல்லாவிட்டால் இரவு முழுக்க ஹோஸுக்குள் கேஸ் நின்றுகொண்டே இருக்கும். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும், அரைக் கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பழைய பிரஷால் ரெகுலேட்டர் பொருந்தும் இடத்திலும் ஹோஸின் இரு முனைகளிலும் பூசுங்கள். குமிழி ஊதிக்கொண்டு வந்தால் கசிகிறது. பெரும்பாலும் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், அல்லது அடுப்புப் பக்கத்து ஹோஸ் சூட்டில் வெடிப்பு விட்டிருக்கும். எலி கடித்த ஹோஸும் உண்டு. அதை டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள், புதிது வாங்குங்கள்.

கேஸ் மணந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. இரண்டிலும் பொறி பறக்கும். மின்விசிறியைப் போட்டுக் காற்றை வெளியேற்றப் பார்ப்பதும் அதே ஆபத்துத்தான். ரெகுலேட்டரை மூடி, கதவுகளை அகலத் திறந்து, எல்லாரும் வெளியே போன பிறகு போன் எடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது, தரையோடு தங்கும். அதனால் ஜன்னலைவிடக் கதவு திறப்பதுதான் முக்கியம். சிலிண்டரை மூடிய அலுமாரிக்குள் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

தாச்சி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை நிறுத்தி, தாச்சியை அசைக்காமல் பெரிய மூடியால் மூடி, ஆறும் வரை திறக்காமல் விடுங்கள்.

கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்துவது ட்ரிப் சுவிட்ச். அதில் 'T' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் கரண்ட் அடிக்கும்போதும் அது விழாது என்றே கொள்ளுங்கள், எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து வயர் இழுப்பது உயிரோடு விளையாட்டு. எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுச் சுவிட்சை ஏற்றி, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ, பழுது அதில்தான்.

கிரில் கதவின் திறப்பு எப்போதும் ஒரே ஆணியில் தொங்க வேண்டும். வெளியே நிற்பவர் கைவிட்டு எடுக்க முடியாத தூரம், ஆனால் பிள்ளைக்கு எட்டும் உயரம். விளக்கை அணைத்துவிட்டு எடுத்துத் திறந்து பாருங்கள். துருப்பிடித்த பூட்டு அப்போதுதான் தெரியவரும். தொடர்மாடியில் இருப்பவர்கள் படிக்கட்டில் சைக்கிளும் சப்பாத்துத் தட்டும் வைக்காதீர்கள். தீ என்றால் லிப்ட் வேண்டாம்.

1990 இலவச அம்புலன்ஸ், 110 தீயணைப்பு, 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். இவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டுங்கள். கூடவே வீட்டு முகவரியையும் பக்கத்தில் உள்ள கோவில், பள்ளி அல்லது கடையையும் தமிழிலும், சிங்களத்தில் சொல்ல வேண்டியதைத் தமிழ் எழுத்திலும் எழுதுங்கள். பதற்றத்தில் சிங்களம் வாயில் வராது, பார்த்து வாசிக்கலாம். ஒழுங்கைக்குள் 47/3/1 போன்ற இலக்கம் என்றால் ஒருவர் பிரதான வீதிக்குப் போய் நின்று அம்புலன்ஸைக் கூட்டி வர வேண்டும். அது யார் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.

களனி கங்கைக்குக் கிட்ட இருப்பவர்கள் கொழும்பில் மழை விட்டதை நம்பி இருக்கக் கூடாது. மலையகத்தில் கொட்டிய மழை இங்கே வந்து சேர நேரம் எடுக்கும். இங்கே வெயில் எறிக்கும்போதே ஆறு ஏறலாம். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கின. களனி கங்கைக்கு நாகலகம் வீதியில் அளந்து நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவிக்கும் நீர்மட்டத்தைக் கவனியுங்கள். அது ஏறிக்கொண்டிருந்தால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் இரட்டைப் பொலித்தீனில் கட்டி எடுங்கள். மருந்து ஒரு வாரத்துக்கு, தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 4 லீற்றர் வீதம் மூன்று நாளுக்கு, டோர்ச், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கெட்டுகள். தண்ணீர் பிளக் மட்டத்துக்கு ஏறுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஏறிவிட்டால் தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது.

வெள்ளத்தில் இறங்கி நடந்தவருக்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் தசை நோவும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்கக் கூடாத நோய் அது.